அவசரம் என்றால் ஐந்தா? எடைமேடைக்கு வந்து பாருங்கள்!

மாதக் கடைசி வந்தாலே வயிறு எரிகிறது. நேற்றும் அதே கதை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பாமாயில் ஆலை வாசலில் செம்பனைக் குலை ஏற்றிய 14 லாரிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. எடைமேடை அறையில் இருக்கும் தம்பி லாரி எண்ணைத் தட்டி எண்டரை அழுத்துகிறார்; கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் அசையவே இல்லை. ஒரு டிக்கெட் வெளியே வர நான்கு நிமிடம். "அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓட்டுநர் ஜன்னலைத் தட்டுகிறார். பறித்த குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும். இதை யார் யாரிடம் சொல்வது?

எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் ஒரே கணினிதான். அதில் ஓடும் வேலைகளைப் பார்த்தேன். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் முழு ஆண்டு விவரத்தையும் ஒரே மூச்சில் அள்ளும் அறிக்கையைத் தன் திரையிலிருந்தே ஓடவிட்டிருக்கிறார். அது போதாதென்று, யாரையோ பிடித்து அதன் முன்னுரிமையை, அதாவது எந்த வேலையைக் கணினி முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணை, 5 ஆக மாற்றச் செய்திருக்கிறார்!

ஐந்து என்றால் என்னவென்று தெரியுமா? 1988இல் வந்த ஐபிஎம் நிறுவனத்தின் ஏஎஸ்/400 காலத்திலிருந்தே, எங்களிடம் இருக்கும் இந்த வகைக் கணினியில் எண் சிறிதானால் சலுகை பெரிது. திரையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வழக்கமாக 20, பின்னணியில் ஓடும் தொகுதி வேலைக்கு 50. 20இல் ஒருவர் செயலியை அளவுக்கு மீறி விழுங்கினால், இயங்குதளமே அவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் காத்திருப்பவருக்கு வழிவிடும். யாரும் கேட்காமலே நடக்கும் நியாயம் அது. ஆனால் அந்த நியாயம் 10க்குக் கீழே செல்லாது. ஒற்றை இலக்கத்தில் இருக்கும் வேலையை இயங்குதளம் தானாகக் குறைக்காது. அந்த எண்கள் கணினியின் சொந்த வேலைகள் தடையின்றி ஓடுவதற்கானவை. அதில் போய் ஓர் அறிக்கையை உட்கார வைத்தால் எடைமேடை எங்கே போகும்?

கேட்டால் "எனக்கும் அவசரம்தானே" என்கிறார்கள். போன மாதம் ஒருவர் 15 வாங்கினார், அதைப் பார்த்து அடுத்தவர் 12 கேட்டார், இப்போது 5. எல்லோரும் முன்வரிசையில் நின்றால் அதற்குப் பெயர் வரிசையா? முன்னுரிமை மாற்றும் அதிகாரத்தைக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் நிறுத்திக் கேட்க வேண்டும். கடைசி லாரி எடைமேடையை விட்டு இறங்கும்போது இரவு ஒன்பதரை. அந்த ஓட்டுநருக்கு ஐந்து வேண்டாம், இருபது போதும்!

இன்று காலை அதே அறிக்கையை நானே தொகுதி வரிசைக்கு அனுப்பினேன். 50இல் ஓடி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எடைமேடையில் ஒரு டிக்கெட்கூடத் தாமதமாகவில்லை.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. "இன்னோர் அறிக்கை, ரொம்ப அவசரம், ஐந்தில் போட்டுவிடுங்கள்." முடியாது என்று வைத்துவிட்டேன்.