ஒத்தக் காயில் மாத்த 11 நாளு

வயிறு எரியுது, கொட்டிட்டுப் போயிடுறேன்.

தங்கச்சிமடத்துல சின்னதா லாண்டரி வச்சிருக்கேன், ராமேஸ்வரம் லாட்ஜுங்களோட பெட்ஷீட்டு டவலு தலகாணி ஒறை எல்லாம் நம்மகிட்டதான் வரும். வர்ற சனம் அக்னி தீர்த்தத்துல முங்கி, கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்தையும் தலையில ஊத்திக்கிட்டு சொட்டச் சொட்ட ரூமுக்கு வரும், ஒரு ரூமுக்கு எத்தன டவல் போகும்னு நீங்களே பாத்துக்கங்க. வெளிய கொடி கட்டிக் காயப்போட வேண்டியதுதானேன்னு ஒரு அறிவாளி கேட்டான். காயும்டா, ஆனா கடக்காத்துல காஞ்ச துணி உப்பு புடிச்சு பிசுபிசுன்னு கெடக்கும், மணலு வேற. அதுலயும் இது ஐப்பசி மழை. டிரையர், அதான் துணிய சூட்டுல காய வைக்கிற மிசின், அது படுத்துச்சுன்னா நானும் படுத்தேன்.

டிரையர்ல சூடு குடுக்குற காயில் மொத்தம் 6, ஒவ்வொண்ணும் 3 கிலோவாட், மூணு பேஸ் கரண்ட்ல பேஸுக்கு ரெண்டுன்னு ஸ்டார்ல (காயிலுக்கு 230 வோல்ட் வர்ற மாரி) மாட்டிருக்கும். அதுல ஒண்ணு போச்சு. ஒண்ணே ஒண்ணு! மீட்டர் வச்சா மத்ததெல்லாம் 17, 18 ஓம் காட்டுது, இதுல ஒண்ணுமே இல்ல, உள்ள கம்பி அந்துருச்சு. (பசங்க பஞ்சு வலைய ஒழுங்கா தட்டுறதில்ல, காத்து அடைச்சா காயில் செவந்து வெந்துதான் போகும், அது எங்க தப்பு, ஒத்துக்கிறேன்.) ரெண்டு நட்டு ரெண்டு ஒயர், அரை மணி நேர வேலைன்னு நெனச்சேன்.

பின்னாடி கவரக் கழட்டப் போனா ஸ்க்ரூ ஒண்ணுக்கும் தலையே இல்ல, எல்லாம் துரு. எண்ணெய் ஊத்தி ஊறவச்சு, தட்டி, கடைசியில டிரில் போட்டு எடுக்குறதுக்குள்ள பொழுது சாஞ்சுருச்சு. மிசின விக்க வந்தவனுங்க பாம்பன் பாலத்துல எறங்கி நின்னு செல்ஃபி எடுத்தானுங்களே, ரெண்டு பக்கமும் கடல் கெடந்தது அப்ப கண்ணுக்குத் தெரியலையா? துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போட்டா சொத்தா அழிஞ்சுரும்? லட்சக்கணக்குல காசு வாங்குறானுங்கல்ல!

சரின்னு டீலருக்குப் போனப் போட்டா "தனியா வராது சார், 6 காயில் பாக்ஸோட செட்டாதான் வாங்கணும்"ங்குறான். ஒரு பல்லு ஆடுனா தாடையவே மாத்துவியாடா? சண்ட போட்டு, கெஞ்சி, அட்வான்ஸ் கட்டி, ஆறாவது நாள் ஒரு காயில் வந்துச்சு. நல்லவேள மாட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சேன். 57 ஓம்! 415 வோல்ட்டுக்குச் சுத்துன காயில அனுப்பிருக்கான். நம்ம மிசின்ல காயிலுக்கு வர்றது 230, அதுல இத மாட்டுனா மூணுல ஒரு பங்கு சூடு கூட வராது. இத சொன்னா, ராம்நாட்லருந்து வந்த மெக்கானிக் தம்பி கொஞ்சங்கூட அசராம "அப்ப மொத்தத்தையும் டெல்டாவா மாத்திருவோம்ணே, காயிலுக்கு 415 வோல்ட்டே போகும், கரெக்டா சூடாகும்"னான். ஆகும் தம்பி, இந்த ஒண்ணு கரெக்டா ஆகும். மத்த அஞ்சும் ஆளுக்கு 10 கிலோவாட்டுக்கு கிட்ட இழுத்து அன்னைக்கே எரிஞ்சு போகும், அப்பறம் டீலர் சொன்ன மாரி செட்டாவே வாங்கிக்கலாம்ல! ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு வந்தானுங்களோன்னு கூட தோணுச்சு.

இதுக்கு நடுவுல லாட்ஜ் மேனேஜர் போன். "என்னண்ணே ஷீட்டு இன்னும் ஈரமா இருக்கு, பார்ட்டி கத்துது." நான் என்னய்யா பண்ண, வாயால ஊதியா காய வைக்க முடியும்?

கடைசியில பழைய காயிலயே மதுரைக்குக் கொண்டுபோயி ஒரு பட்டறையில காட்டுனேன். அந்தப் பெரியவரு வாங்கி அளந்து பாத்துட்டு வேற கேள்வியே கேக்கல, நாலு நாள்ல அச்சு அசலா செஞ்சு பஸ்ல போட்டுவிட்டாரு. அதுவும் மழையில நனைஞ்சுதான் வந்துச்சு. காயிலுக்குள்ள இருக்க வெள்ளப் பொடி ஈரத்த உறிஞ்சுரும், அப்படியே மாட்டுனா கரண்ட் பாடிக்கு கசிஞ்சு ட்ரிப் ஆகும். பக்கத்து பேக்கரில பன்னு வெந்து முடிஞ்ச அடுப்புக்குள்ள ராத்திரி பூரா வச்சு எடுத்து, பதினோராவது நாள் காலையில மாட்டுனேன். ஓடுது. சூடு வருது.

நேத்து கவர் தெறந்து பாத்தேன். மேல் வரிசையில இன்னொண்ணு ஒரு பக்கம் மட்டும் செவக்குது. இன்னும் யாருகிட்டயும் சொல்லல.