வயர்களை ஒன்றாக முறுக்கினால் ஆட்டோபைலட் வேலை செய்யாது

அண்ணாச்சி, படகில் ஜிபிஎஸ் வயரையும் ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்கள் எங்கே என்று காட்டும் கருவி) வயரையும் ஒன்றாக முறுக்கி, சுக்கானைத் தானே திருப்பும் ஆட்டோபைலட்டின் ஒரே இன்புட்டில் கொடுத்தால் அதுவே பிரித்துக்கொள்ளும் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, யாரும் இதை நம்பிச் செய்துவிட வேண்டாம். படகுக் கருவிகள் தகவல் அனுப்பும் என்எம்இஏ 0183 இணைப்பில் பேசுவது ஒரே ஒரு கருவிதான், கேட்பது பல இருக்கலாம். இரண்டு கருவிகள் ஒரே வயரில் பேசினால் இரண்டு பேச்சுமே குலைந்துவிடும். போதாததற்கு ஜிபிஎஸ் வழக்கமாக நொடிக்கு 4800 பிட் வேகத்தில் பேசும், ஏஐஎஸ் 38400.

உவரிக்காரன் நான், தூத்துக்குடியில் நின்ற ஒரு பாய்மரப் படகில் இப்படி முறுக்கி டேப் சுற்றியிருந்ததை நானே பிரித்தேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் வரிக்கு வரி குப்பை எழுத்து. ஏஐஎஸ்ஸைக் கழற்றியதும் ஏபிபி வரி (போக வேண்டிய திசையை ஆட்டோபைலட்டுக்குச் சொல்வது) சுத்தமாக வந்தது, அப்புறம்தான் ட்ராக் மோடு, அதாவது குறித்த பாதையிலேயே போகும் முறை, பிடித்தது.

சரி, சுக்கான் திருப்ப ஆட்டோபைலட்டுக்கு ஏஐஎஸ் எதற்கு? ஏபிபி, எக்ஸ்டிஇ (பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பது) மாதிரி வரிகளே போதும். இரண்டு கருவிகளையும் ஒரே இன்புட்டில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டின் வரிகளையும் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் மல்டிபிளெக்சரை நடுவில் வையுங்கள். பிறகு வந்த என்எம்இஏ 2000 இணைப்பு வேறு கதை, அதில் 12 வோல்ட் மின்சாரமும் சேர்ந்தே ஓடும், அந்த கேபிளை இந்த 0183 வயரோடு முறுக்கவே கூடாது.