மிச்சமான எரிபொருளைச் சாமானாகக் கொடுங்கள்

ஏதாவது ஒரு விமானக் கம்பெனி புது விமானம் வாங்குகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "இனி சிங்கப்பூர் டிக்கெட் எறங்கிரும்" என்று போட்டுவிடுவார். இறங்காது அண்ணே. ஆனாலும் அந்தப் புது விமானம் காரைக்குடிக்காரனுக்கு வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. பழைய ஏர்பஸ் ஏ320 மணிக்குச் சுமார் இரண்டரை டன் எரிபொருள் குடிக்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம் என்றால் பத்து டன். அதே அளவில், புது இன்ஜின் பொருத்தி வருகிற "நியோ" விமானம் 15 சதவீதம் குறைத்துக் குடித்தால் ஒரு நடைக்கு ஒன்றரை டன் மிச்சம். அதை 180 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு எட்டு கிலோ சொச்சம், அதாவது பத்து லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 900 ரூபாய். பொங்கலுக்கும் முகூர்த்த நாளுக்கும் டிக்கெட் ஏறுகிற ஏற்றத்தில் இந்த 900 எந்த மூலைக்கு? அதிலும் நம் நாட்டுக் கம்பெனிகள் பெரும்பாலும் விமானத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான் ஓட்டுகின்றன. புதுசுக்கு வாடகையும் கூடுதல். மிச்சம் பிடித்ததில் நல்ல பங்கு அங்கே போய்விடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. "ஒரு இருக்கைக்கு இத்தனை சதவீதம் மிச்சம்" என்றுதான் விளம்பரத்தில் சொல்வார்கள். இருக்கையைக் கூட்டினாலே அந்தச் சதவீதம் ஏறும். இண்டிகோவின் ஏ320-இல் 180 ஆக இருந்தது, நியோவில் 186 ஆனது. மிச்சத்தில் இன்ஜினின் உழைப்பு எவ்வளவு, நம் முழங்காலின் உழைப்பு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை!

அதற்காக இன்ஜினைக் குறை சொல்ல முடியாது. பழைய ஏ320-இல் வந்த சிஎஃப்எம்56 இன்ஜினின் முன்விசிறி விட்டம் 68 அங்குலம், நியோவில் வருகிற லீப் இன்ஜினில் 78. கொஞ்சக் காற்றை வேகமாகத் துப்புவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் வீணாவது குறையும், இரைச்சலும் குறையும். சூத்திரம் அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்து முடிப்பது லேசில்லை. நியோவுக்கு இன்னொரு வகை இன்ஜின் தருகிற பிராட் அண்ட் விட்னி கம்பெனியின் இன்ஜின்களில், உலோகத் தூளிலிருந்து செய்த பாகங்களில் கோளாறு என்று 2023-இல் வெளிவந்து, இண்டிகோவில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் தரையில் நின்றன. அதற்குச் சில மாதம் முன்பே கோ ஃபர்ஸ்ட் என்ற விமானக் கம்பெனி அதே பிராட் அண்ட் விட்னி கம்பெனி இன்ஜின்களைக் காரணம் காட்டித் திவால் மனு கொடுத்துவிட்டது. புதுசு என்றாலே நம்பகம் என்று நினைப்பவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, நமக்கு என்ன லாபம்? திருச்சி ஓடுதளம் ஏறக்குறைய 2,480 மீட்டர். நீண்ட தூரம் போகிற பெரிய விமானம் முழுச் சுமையோடு ஏற அது பத்தாது. நமக்கு வாய்த்தது ஒற்றை நடைபாதைச் சின்ன விமானம்தான். ஆடியில் கல்யாணம் இல்லை, கூட்டம் இல்லை. பாதி இருக்கை காலியாகக் கிடக்கிற அந்த நாளிலும் நடையை ரத்து செய்யாமல் ஓட்ட வேண்டுமானால் குறைவாகக் குடிக்கிற விமானம்தான் தாக்குப்பிடிக்கும். எங்கள் ஐயா காலத்தில் நாகப்பட்டினம் போய் ராஜூலா கப்பல் ஏறி, ஒரு வாரம் போல அலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு ரொம்ப நாள் சென்னைக்கு ஓடினோம். இன்றைக்குக் காரைக்குடியில் காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பித் திருச்சியில் ஏறலாம் என்றால், அந்த நேரடி நடை நிற்காமல் இருப்பதுதான் பெரிய விஷயம். டிக்கெட் விலை அதற்கு அப்புறம். (செட்டிநாட்டில் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, அதில் ஏர்போர்ட் வரட்டும் என்கிறவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன்.)

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்த 900 ரூபாய் வேண்டாம். கொண்டுபோகிற பெட்டியின் எடையைக் கூட்டிக் கொடுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. விமானத்தில் கூடுதலாக ஏற்றுகிற எடையில் மணிக்கு மூணு, நாலு சதவீதம் எரிபொருளாகச் செலவாகும் என்பது இந்தத் துறையில் பொதுவான கணக்கு. ஐந்து கிலோவை நாலு மணி நேரம் சுமக்க ஒரு லிட்டர்வாக்கில் ஆகும், 90 ரூபாய். ஆனால் கவுண்டரில் ஒரு கிலோ கூடினால் கேட்கிற பணம் என்ன என்று சிங்கப்பூரில் பிள்ளை இருக்கிற எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்லுவாக. வரிசையை விட்டு ஒதுங்கிப் பெட்டியைத் திறந்து, தேன்குழலை எடுப்பதா சீப்புச் சீடையை எடுப்பதா என்று தவிக்கிற குடும்பம் இல்லாத நாளை நான் திருச்சியில் பார்த்ததில்லை. கட்டணத்தில் ஐந்து சதவீதம் தள்ளுபடி என்று எந்தக் கம்பெனி விளம்பரம் செய்தாலும் நம் பக்கம் பெரிதாகத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 20 கிலோவை 25 ஆக்கிப் பார்க்கட்டும், தேவகோட்டையிலிருந்து பள்ளத்தூர் வரை அந்தக் கம்பெனியில்தான் டிக்கெட் போடுவார்கள்.