ஊர்வலம் போனால் மட்டும் போதாது

டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம் வந்தால் சென்னைக் கல்லூரிகளில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொள்வார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், ஊர்வலம் போவார்கள். எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அது பரீட்சைக்குப் படித்த படிப்பு.

என் அக்கா மகன் வேளச்சேரியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். நாலு பேரில் ஒரு பையன் தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போடுவான், டப்பாவில் லேபிள் இருக்காது. மாத்திரையில் இருந்த எழுத்தை எவனோ கூகுளில் தேடி, அது எச்.ஐ.வி. மருந்து என்று பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. அவன் பாத்ரூம் போய்வந்தால் பின்னாலேயே டெட்டால். அந்த மாதமே அவன் பெட்டியைக் கட்டிவிட்டான். மற்ற மூவரும் பொறியியல் படித்தவர்கள். அதில் எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருவன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றாகச் சாப்பிடுவதால் இது தொற்றாது. அதைவிட முக்கியமானது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு ரத்தத்தில் வைரஸ் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமாகக்கூட அடுத்தவருக்குப் பரவாது. அந்த மாத்திரையைப் பார்த்து அவர்கள் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு எதிலும் எச்.ஐ.வி.யைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது.

இத்தனைக்கும் 1986-ல் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்ததே இந்த ஊர்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோகும் வரை ரத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார் நிர்மலா. அப்போது மருந்தே கிடையாது. இப்போது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையில் 2004 முதல் இலவசமாகக் கொடுக்கிறார்கள், நாம் டம்ளரைத் தனியாக வைக்கிறோம்!

"புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஒரு கற்பனை ஆளை வைத்து ஒரு காலத்தில் சுவரெல்லாம் விளம்பரத்தில் கேட்டார்கள். கேலி பேசியாவது ஊரே அதைப் பேசியது. இன்றைக்கு 20 வயதில் இருப்பவர்களிடம் அந்த அளவுக்குக்கூட யாரும் பேசுவதில்லை. ஆபத்து நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் உடனே, மருத்துவரிடம் போய் 28 நாள் மருந்து எடுத்துத் தொற்றைத் தடுக்கலாம் என்பது எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது? கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

கல்லூரி முதல்வர்களே, இந்த வருடம் ஊர்வலத்தை விடுங்கள். நம்பிக்கை மைய ஆலோசகரை அழையுங்கள். பேராசிரியர்கள் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும், பிள்ளைகள் பேர் போடாமல் சீட்டில் எழுதிக் கேட்கட்டும். ஆணுறை கிழிந்துவிட்டது, என்ன செய்வது என்று ஒரு சீட்டு வந்தால், எழுதியது யார் என்று தேடாமல் பதில் சொல்லுங்கள். அதற்கும் கூச்சப்படும் பிள்ளைகளுக்காக 1097 என்ற இலவச எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதிப் போடுங்கள்.