பயாப்ஸி எடுத்தால் குடல் புற்றுநோய் பரவுமா?

"பெருங்குடல் கட்டியில் சதை எடுத்துப் பார்த்தால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

கொலனோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) சின்ன இடுக்கியால் கிள்ளி எடுப்பது சில மில்லிமீட்டர் திசு. நோய் பரவுவது அதனால் அல்ல, கட்டியின் குணத்தால். அந்தக் குணத்தை முன்கூட்டியே கணிக்க உதவுவதே திசுப் பரிசோதனைதான்.

பின்னர் அறுவை சிகிச்சையிலோ கொலனோஸ்கோப்பியிலோ வெட்டியெடுத்த கட்டியையும் இப்படிச் சோதிப்பார்கள்: அதை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். குடல் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, ரத்த நாளத்துக்குள் செல்கள் புகுந்திருக்கின்றனவா என்று தேடுவார்கள். அறுவை சிகிச்சையில் குடலோடு சேர்த்து எடுத்த நிணநீர்க் கணுக்களில் (புற்றுநோய் செல்கள் பரவிச் சேரக்கூடிய சிறு முடிச்சுகள்) குறைந்தது 12 பார்க்க வேண்டும். அப்புறம் "மொட்டுகள்": கட்டியின் விளிம்பிலிருந்து தனியாகவோ நான்கு செல்கள் வரையிலான கொத்தாகவோ பிரிந்து நிற்கும் புற்றுநோய் செல்கள். இவை மிக அதிகமாகத் தெரியும் இடத்தில், 0.785 சதுர மில்லிமீட்டருக்குள் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பரவும் அபாயம் அதிகம். 2016இல் பன்னாட்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்ட அளவு இது.

இந்தத் திசுப் பரிசோதனை தருவது நிச்சயத் தீர்ப்பு அல்ல, அபாயக் கணிப்பு. ஆனாலும் கொலனோஸ்கோப்பியிலேயே அகற்றிய ஆரம்பநிலைக் கட்டிக்கு மேற்கொண்டு அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை டாக்டர்கள் பெரிதும் இதை வைத்தே முடிவுசெய்கிறார்கள்.