கீழே விழுந்த பிறகு குங்ஃபூ எவ்வளவு தூரம் உதவும்?

"எங்க கலையிலும் தரைச் சண்டை இருக்கு" என்று குங்ஃபூ பயிற்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். இருப்பது உண்மை. ஆனால் இன்று தரைச் சண்டை என்று சொல்லப்படுவது, அதாவது கீழே கிடந்தபடி மேலே அழுத்துபவனோடு போராடுவது, அதுவல்ல என்பதே என் உறுதியான கருத்து.

தரையில் விழுந்து சண்டையிடும் குங்ஃபூ முறைகளான டிடாங் சுவானையும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து நாய் முறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிபடாமல் விழுவது, உருள்வது, கிடந்தபடியே முழங்காலை உதைப்பது, இரு கால்களாலும் எதிராளியின் காலைப் பின்னிச் சாய்ப்பது எல்லாமே அருமையான வித்தைகள். ஆனால் பெரும்பாலும் நிற்கிறவனுக்கு எதிரானவை. 80 கிலோ ஆள் மார்பில் ஏறி உட்கார்ந்துவிட்டால் உருள இடமிருக்காது, உதைத்தாலும் எட்டாது.

ஷுவாய் ஜியாவோ என்ற சீன மல்யுத்தத்தில் பாதம் தவிர வேறு எதுவும் தரையில் பட்டால் அந்தப் பிடி முடிந்தது. குத்து, உதை, வீழ்த்தல் மூன்றும் உள்ள சீனப் போட்டிச் சண்டையான சான்டாவிலும் ஆள் விழுந்ததும் நடுவர் எழுப்பி நிறுத்திவிடுவார். விதி முடிகிற இடத்தில் பயிற்சியும் நின்றுவிடுகிறது. சான்டா உலக சாம்பியன் முஸ்லிம் சலிகோவ், 2017 நவம்பரில் ஷாங்காயில் நடந்த தன் முதல் யுஎஃப்சி (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) ஆட்டத்தில், பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் பிடியில் தோற்றார். அடியிலும் உதையிலும் அவருக்கு எந்தக் குறையும் கிடையாது.

குங்ஃபூவின் பலம் பாதத்தில் பிறந்து இடுப்பு வழியாகக் கைக்கு வருகிறது. மல்லாந்து கிடக்கும்போது அந்த வேர் அறுந்துவிடும். விங் சுன் என்ற குங்ஃபூ முறையின் தொடர் குத்துகளைக் கீழிருந்து விட்டால் தோளின் வலு மட்டும்தான் போய்ச்சேரும். அதைவிட ஆபத்து, நீட்டிய கையை மேலே இருப்பவன் பிடித்து முழங்கையைப் பூட்டிவிடுவது. பயந்து குப்புறத் திரும்பினால் கழுத்து போய்விடும். மூட்டுகளைப் பூட்டும் சீன வித்தையான சின் நாவின் மணிக்கட்டுப் பூட்டுகளும் கீழிருந்து அவ்வளவாக எடுபடாது. அழுத்துவதற்கான உடல் எடை மேலே இருப்பவனிடம் இருக்கிறது.

மார்பில் உட்கார்ந்தவனிடமிருந்து விடுபட, முதலில் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவையுங்கள். அவனுடைய ஒரு கையை நெஞ்சோடு அணைத்து, அதே பக்கத்துக் காலை உங்கள் பாதத்தால் வெளியிலிருந்து அடைத்துவிடுங்கள். குதிகாலைப் பிட்டத்துக்கு அருகே இழுத்து, இடுப்பைத் தூக்கி, அடைத்த பக்கத் தோளுக்கு மேலாகச் சாய்வாக உருளுங்கள். நேராக மேலே தூக்கினால் அவன் கைகளை முன்னால் ஊன்றிக்கொள்வான். கை, கால் இரண்டில் ஒன்றை அடைக்காமல் விட்டாலும் உருட்ட முடியாது.

தாளம் தப்பாமல் தாவோலு (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) செய்வதால் இது வராது. வாரம் 2 நாளாவது, மேலே ஒருவர் உண்மையாகவே அழுத்த, கீழிருந்து 3 நிமிடச் சுற்றுகள் செய்ய வேண்டும். சி சாவோ (இருவர் கையோடு கை ஒட்டிச் செய்யும் விங் சுன் பயிற்சி) பழகியவர்களுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு: அவன் கை எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது தொடுதலிலேயே தெரிந்துவிடும்.

விடுபட்டு, அவன் எழுந்து நிற்கிற நேரத்தில்தான் டிடாங்கின் உதை கைகொடுக்கும். முழங்காலைக் குறிவைத்து அவனைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு கையைப் பின்னால் ஊன்றி, மறு கையால் முகத்தை மறைத்து, எதிர்ப்பக்கப் பாதத்தைத் தரையில் ஊன்றி, கை ஊன்றிய பக்கத்துக் காலைப் பின்னுக்கு இழுத்து எழுந்திருங்கள். முன்பக்கம் குனிந்து எழுந்தால் முகத்தில் உதை விழும்.