காணாமல் போன பையனை மறுபடியும் தொலைத்துவிட்டார்கள்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்கிற நெட்ஃபிளிக்ஸ் தொடரின் நான்காவது சீசனைப் போன வாரம் மறுபடியும் பார்த்துத் தொலைத்தேன். 2022இல் முதல் தடவை பார்த்தபோது வந்த எரிச்சல் இந்நேரம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். எங்கே ஆறியது, இரண்டு மடங்காகிவிட்டது.

இந்தக் கதை எங்கே ஆரம்பித்தது? 1983 நவம்பர் 6ஆம் தேதி இரவு, ஹாக்கின்ஸ் என்கிற சின்ன ஊரில் வில் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்புகிறான், காணாமல் போகிறான். அவ்வளவுதான் கதை. அவன் அம்மா ஜாய்ஸ் சுவரில் அ, ஆ எழுதுவது மாதிரி எழுத்துகளை வரிசையாக எழுதி, மேலே கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தைக் கட்டி, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துப் பார்த்து மகனோடு பேசினாள். அந்தத் தவிப்புதான் நம்மைப் பிடித்து உட்கார வைத்தது. அவனைத் தலைகீழான ஓர் இருட்டு உலகத்துக்கு இழுத்துக்கொண்டு போன முகமில்லாத பிராணி எல்லாம் அப்புறம்தான்.

இப்போது நான்காவது சீசனுக்கு வாருங்கள். 1986 மார்ச் 22, வில் குடும்பம் குடிபெயர்ந்த கலிபோர்னியா. ஸ்கேட்டிங் அரங்கம். வில்லின் உயிர் நண்பன் மைக் ஊரிலிருந்து வந்திருக்கிறான். மைக்கின் காதலியும் வில் வீட்டிலேயே வளர்கிறவளுமான லெவனை ஒரு கும்பல் நடுவில் நிறுத்தி மில்க்‌ஷேக்கைக் கொட்டி அவமானப்படுத்துகிறது. வில் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறான். ஐயா, அன்றைக்கு அவனுக்குப் பிறந்தநாள்! ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வாழ்த்து இல்லை. பெற்ற அம்மா உட்பட.

தேதியை நான் தோண்டி எடுக்கவில்லை, அவர்கள் சொன்னதுதான். இரண்டாவது சீசனில் வில் உடம்புக்குள் அந்தத் தலைகீழ் உலகத்து நிழல் பூதம் புகுந்துகொள்ள, கொட்டகையில் அவனை நாற்காலியோடு கட்டிப்போட்டிருப்பார்கள். ஜாய்ஸ் அவன் எதிரே உட்கார்ந்து, மார்ச் 22 உன் பிறந்தநாள் என்று ஆரம்பிப்பாள். எட்டு வயதில் 120 கலர் கிரேயான் பெட்டி வாங்கிக் கொடுத்தது, அவன் வானவில் கப்பல் வரைந்தது, எல்லாம் சொல்வாள். அந்தக் காட்சியில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினவர்களுக்கு மறந்துபோச்சாம். தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்களே ஒப்புக்கொண்டார்கள். அதோடு விட்டார்களா? பழைய வசனத்தில் மாதத்தை 'மே' என்று மாற்றினால் ஜாய்ஸின் வாயசைவுக்குச் சரியாக வரும் என்றும் ஒரு யோசனை சொன்னார்கள். பிள்ளை பிறந்தநாளை மறந்தவர் பஞ்சாங்கத்தைத் திருத்துகிற கதை!

இவர்களுக்கு எழுத வராது என்றால் நானும் விட்டுவிடுவேன். வரும். அதுதான் வயிற்றெரிச்சல். இந்த சீசனின் வில்லன் வெக்னா யாரைத் தேடிப் போகிறான்? மனசுக்குள் குற்ற உணர்ச்சியையும் வலியையும் பூட்டிவைத்துக்கொண்டு வெளியே சிரிக்கிற பிள்ளைகளை. பேயை வெளியே வைக்காமல் மனசுக்குள் வைத்த அருமையான கரு. மாற்றாந்தந்தை வழி அண்ணன் பில்லியின் கல்லறை முன்னால், அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான மேக்ஸ் கடிதம் படிப்பதும், பிறகு கேட் புஷ்ஷின் 1985ஆம் வருஷத்துப் பாட்டு காதில் ஒலிக்க உயிருக்கு ஓடுவதும் இந்தத் தொடரிலேயே உச்சம்.

சரி, அப்படியென்றால் இந்தக் கூட்டத்திலேயே அதிகமாகப் பூட்டிவைத்திருப்பவன் யார்? அந்தத் தலைகீழ் உலகத்தில் முதலில் மாட்டி, ஒரு வாரம் தனியாகப் பதுங்கிக் கிடந்தவன் யார்? வெக்னாவுக்கு வில்தானே அல்வா! அவனை என்ன செய்தார்கள்? பீட்சா வேனில் ஏற்றி ஊர் சுற்ற விட்டார்கள். அந்தப் பக்கம் செத்துப்போனான் என்று நாம் போன சீசனில் அழுது தீர்த்த ஹாக்கின்ஸ் போலீஸ் அதிகாரி ஹாப்பர், ரஷ்யாவில் கம்சாட்கா சிறையில் எபிசோடு எபிசோடாகப் பனியில் உதை வாங்குகிறான். கடைசி எபிசோடு மட்டும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். அனுமார் வால். அதில் பிறந்தநாளுக்கு அரை நிமிஷம் கிடைக்கவில்லை.

அந்த வேன் காட்சியைப் பாருங்கள். வில் தான் வரைந்த ஓவியத்தை மைக்கிடம் விரித்துக் காட்டுகிறான். லெவன் வரையச் சொன்னதாகப் பொய் சொல்கிறான். அவளுக்கு நீ எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று அவள் பெயரைப் போட்டுத் தன் மனசைச் சொல்கிறான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான். அண்ணன் ஜோனதன் மட்டும் கண்ணாடியில் கவனிக்கிறான். அந்தத் தைரியத்தை வாங்கிக்கொண்டு மைக் போய் லெவனிடம் காதல் வசனம் பேசுகிறான். ஓவியம் பற்றிய உண்மை? சீசன் முடிகிறவரை மூச்சில்லை. கடைசியில் வில் பிடரியில் கை வைத்துத் திரும்பிப் பார்க்கிறான், அவ்வளவுதான் அவன் பங்கு. அடுத்த சீசனில் வந்ததை வைத்து யாரும் சமாளிக்க வேண்டாம். ஒன்பது எபிசோடு உட்கார்ந்து பார்த்தவன் கேட்கிறேன்.

அந்த வேன் காட்சி ஓடும்போது அம்மா காபியோடு வந்தார். முதல் சீசனை மட்டும் என்னோடு அரைகுறையாகப் பார்த்தவர், அவருக்கு இது 'லைட்டு நாடகம்'. திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவன்தானேடா அந்தக் காணாமல் போன பையன்? கிடைச்சுட்டானா?"

"கிடைச்சுட்டான்மா."

"அப்புறம் ஏன் அழறான்?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.